உப்புக் காற்றில் நிற்கும் வீடுகள்

காரைக்கால் கடற்கரை ஊர்தான். ஆனால் பழைய காரைக்கால் கடலைப் பார்த்து உட்காரவில்லை. கலங்கரை விளக்கமும் மணல்வெளியும் அரசலாற்று முகத்துவாரமும் கிழக்கே இருக்க, அம்மையார் கோயில், மஸ்தான் சாஹிப் தர்கா, மாதா கோயில், கடைத்தெரு எல்லாம் உள்ளே தள்ளி நிற்கின்றன. பாரதியார் வீதி, மாதா கோயில் வீதி, லெமேர் வீதி என்று சுற்றிவந்தால், புதுக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மிஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளையும் மெத்தை வீடுகளையும் பார்க்கலாம். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தால் கடல் தெரியாது. கடல்காற்று மட்டும் வரும். கரையிலேயே குடியிருந்தவர்கள் கடலையே தொழிலாகக் கொண்டவர்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று அந்த மீனவ ஊர்கள் கரையோரமாக நீள்கின்றன.

இப்படித் தள்ளி உட்கார்ந்ததற்குக் காரணம் அனுபவம். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வடகிழக்கிலிருந்து வாடை மழையோடு சேர்ந்து அறையும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே கரையேறியது. 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரைக்கு என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இவையெல்லாம் எப்போதாவது வருகிறவை. நாள்தோறும் வருவது உப்பு. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து, சுவரில் படிந்து, மழையில் கரைந்து, செங்கல்லுக்குள் இறங்கி, வெயிலில் மறுபடி பூக்கிறது. கடலோர வீட்டின் முதல் எதிரி புயல் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த இடம் உப்புக்குத்தான்.

அந்த உப்போடு பல தலைமுறை வாழத் தெரிந்த ஒரு கட்டடக்கலை இந்த ஊரில் இருந்தது. அதன் கடைசி வீடுகள் நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கின்றன. தூண் வைத்த பெரிய அரசுக் கட்டடம் ஒன்று விழுந்தால் செய்தி வருகிறது. ஒரு திண்ணை வீடு இடிந்தால் அதன் கதவும் தூணும் பழைய சாமான் கடைக்குப் போவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இரண்டு கரைகள்

காரைக்காலிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. அங்கே கதை நேர்மாறு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று வந்த டேனிஷ்காரர்கள், அலை வந்து அடிக்கும் இடத்திலேயே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்கு எதிரே கவர்னர் மாளிகை. அதற்கப்பால் 1792-இல் எழுப்பிய நகர வாயில். அதிலிருந்து கடலை நோக்கி நேராக ஓடும் ராஜ வீதி. கப்பல் எப்போது வரும், எந்தக் கொடியோடு வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வணிகர்களின் ஊர் அது. வீடுகளும் அப்படியே அமைந்தன. உயர்ந்த தூண்கள் கொண்ட தாழ்வாரம், கடலைப் பார்த்த மாடி, அகன்ற சன்னல்கள்.

கடலுக்கு முகம் காட்டியதற்கு விலையும் கொடுத்தார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலைகளுக்குப் போனது. கரை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பியபின், துறைமுக வணிகம் நாகைக்கு நகர, வீதிகள் அமைதியாகிவிட்டன. அந்த அமைதிதான் கட்டடங்களைக் காப்பாற்றியது. பணம் புழங்கியிருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

கடலோர வீடுகளைக் காப்பதில் முன்னோடியாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்திலும் இந்த இரண்டு மனநிலைகளும் உண்டு. அதன் வடகிழக்குக் கரையில் குரோவி என்றொரு மீனவ ஊர். குன்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றை வரிசை வீடுகள். கார் போக இடமில்லை. அங்கே பல வீடுகள் வாசலைக் கடலுக்குக் காட்டுவதில்லை. குறுகிய பக்கச்சுவரைக் காட்டுகின்றன. காற்று மோதும் பரப்பைக் குறைப்பதற்கான வழி அது. தெற்கே ஃபைஃப் கரையின் பிட்டன்வீம், கிரெயில் போன்ற ஊர்களில் கூரையின் இருபுறமும் படி படியாக ஏறும் கல் முகடுகளையும், வெளிப்புறமாகவே மாடிக்கு ஏறும் கற்படிகளையும், சிவப்பு ஓட்டுக் கூரைகளையும் காணலாம். அந்த ஓடுகள் முதலில் நெதர்லாந்துப் பக்கமிருந்து கப்பலில் வந்தவை. ஸ்காட்லாந்தின் நிலக்கரியையும் உப்பையும் ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது சுமந்துவந்த சரக்கு. துறைமுக ஊரின் கூரை, அந்த ஊரின் கப்பல்கள் எங்கெல்லாம் போய்வந்தன என்பதைச் சொல்லிவிடும். காரைக்காலிலும் அப்படித்தான்.

கோட்டைக்குப் பதிலாக வீடு

1739-இல் தஞ்சை மராட்டிய அரசின் வாரிசுச் சண்டையைப் பயன்படுத்திப் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். ஆங்கிலேயர் 1760-இலும், 1778-இலும், 1793-இலும் அதைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகத் திரும்பி வந்தது 1817-இல். அப்போது ஒரு நிபந்தனை இருந்தது: 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய ஆட்களுக்கு மேல் படை வைக்கக் கூடாது.

எனவே 19-ஆம் நூற்றாண்டுக் காரைக்கால், மதில் இல்லாத ஊராக வளர்ந்தது. வந்த பணம் வீட்டுக்குப் போனது. பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி டெல்டாவின் நெல்லிலிருந்து. பெரும்பகுதி கடல் கடந்து. 1860-களில் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் ஆட்சி அமைத்தபோது புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எழுத்தர்களும் காவலர்களும் சிப்பாய்களும் போனார்கள். துணி வணிகர்களும் வட்டிக்கடைக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வணிகர்களுக்குப் பர்மா, மலேயா, சைகோன் மூன்றும் பக்கத்து ஊர் மாதிரி. இதே துறைமுகத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாக ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவும் இல்லை, இங்கே வீடு கட்டவும் இல்லை. மெத்தை வீடுகளைப் பற்றி எழுதும்போது அவர்களையும் சொல்லிவிட வேண்டும். ஒரே துறைமுகம் சிலருக்குத் தேக்குத் தூண் கொண்டுவந்தது, சிலரை ஒரேயடியாக அனுப்பிவைத்தது.

அப்படி எழுந்த வீடு எப்படி இருந்தது? தெருவிலிருந்து ஏறினால் இருபுறமும் திண்ணை, மேலே சாய்வாக இறங்கும் தாழ்வாரம், அதைத் தாங்கும் மரத்தூண். நிலைக்கதவைத் தாண்டினால் நடை. அதற்கப்பால் நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒருபுறம் கூடம். பின்னே இரண்டாம் கட்டு, சமையற்கட்டு, கிணறு, கொல்லை. வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை கண் நேராகப் போகும். பிற்பகலில் கடல்காற்று புகுந்தால் அந்த நேர்வழியில் தடையின்றி ஓடும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழ, நிழலான நடையிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். மின்விசிறி வருவதற்கு முன்பே சித்திரை வெயிலைச் சமாளித்த வீடு அது. காற்றை வாங்கிக்கொண்டு மழையை மட்டும் தடுக்கும் அமைப்பு இதன் சிறப்பு. தாழ்வாரம் இறங்கியிருப்பதால் வாடை மழையின் சாரல் சுவரைத் தொடுவதில்லை.

மாடிக்கு ஏறினால் வேறு ஊர். கீழே மரத்தூண் என்றால் மேலே சுதை பூசிய செங்கல் தூண். கீழே சிறிய சன்னல் என்றால் மேலே தரைவரை இறங்கும் வளைவுச் சன்னல், சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த கதவுகளோடு. கைப்பிடிச் சுவரில் பானை வடிவச் சுதை அலங்காரம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் வாய்க்காலின் இருபுறமும் தனித்தனியே நிற்பதும், நடுவே சில வீடுகளில் இரண்டும் கலந்து கிடப்பதும் பலருக்கும் தெரியும். இங்கே அந்தக் கலப்பு ஒரே வீட்டுக்குள் நடந்தது. சைகோனில் பார்த்ததையும் புதுச்சேரியில் பார்த்ததையும் தன் தாத்தாவின் முற்றத்தின்மேல் ஏற்றி வைத்தான் காரைக்கால்காரன். கீழ்த்தளம் சடங்குக்கும் சமையலுக்கும், மேல்தளம் அந்தஸ்துக்கும் காற்றுக்கும். இதைக் கலப்படம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர்க் கொத்தனார் வெளிநாட்டு வடிவத்தைத் தன் சுண்ணாம்பிலும் தன் அளவிலும் செய்து பார்த்து, வெயிலுக்கும் மழைக்கும் எது நிற்கிறதோ அதை வைத்துக்கொண்டு, நிற்காததைத் தள்ளியிருக்கிறார். சாய்பட்டைச் சன்னல் நின்றது, ஏனென்றால் சாரலைத் தடுத்துக் காற்றை விடுகிறது. கண்ணாடிச் சன்னல் அவ்வளவாக ஒட்டவில்லை.

இந்தக் கரையில் முஸ்லிம் கடல்வணிகர்களான மரைக்காயர்களின் ஊர்கள் பலவற்றில் வீடு பெண்ணுக்குப் போகும். திருமணத்தின்போது மகளுக்கு வீடு எழுதிவைப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதும் வழக்கம். கணவர் பினாங்கிலோ சைகோனிலோ இருக்க, வீட்டின் நிரந்தரக் குடி பெண்களும் குழந்தைகளும். அதனால் அந்த வீடுகளின் உள்ளமைப்பில் முன்கட்டு விருந்தினருக்கும் பின்கட்டு பெண்களுக்கும் என்று தெளிவாகப் பிரிந்தது. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், இடித்து விற்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கட்டடக்கலையைக் காத்தது ஒருவகையில் சொத்துரிமைதான்.

கிளிஞ்சலைச் சுட்டால்

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீடுகள் நின்றதும் விழுவதும் அதனால்தான்.

சோழமண்டலக் கரையில் சுண்ணாம்புக்கல் மலை கிடையாது. கடல் ஒதுக்கும் கிளிஞ்சல் இருந்தது. கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்து உதிரும். அதை மணலோடும் செங்கல் தூளோடும் சேர்த்து, கல்செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலப்பார்கள். பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல மறுபடி வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், திரும்பவும் கல்லாகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் பெறுகிறது. கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். காரைக்குடியிலும் இங்கும் நூறாண்டு கடந்தும் கைவைத்தால் குளிரும் சுவர்கள் அப்படிச் செய்தவை.

இந்தப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. அது மூச்சு விடும். தரையிலிருந்து ஓதம் ஏறினாலும், மழையில் ஈரம் உள்ளே போனாலும், நுண்துளைகள் வழியே அந்த ஈரம் வெளியே வந்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பு சுவரின் மேல்பரப்பில் பூக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைச் சுரண்டித் தள்ளிவிட்டு மறுபடி பூசுவார்கள். வெள்ளையடிப்பு அழகுக்காக என்று இன்று நினைக்கிறோம். உப்பு வாங்கிய தோலை ஆண்டுக்கு ஒரு முறை உரித்துப் புதுத் தோல் போடும் வேலை அது. சுவர் தப்பிக்கும், பூச்சு பலியாகும். இந்த ஏற்பாட்டை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. ஆனாலும் இதைவிட நுட்பமான கட்டட அறிவை இந்தக் கரையில் நான் கண்டதில்லை.

தளமும் அப்படித்தான். பெரிய மெத்தை வீடுகளில் பர்மா தேக்கு விட்டங்கள் போட்டு, மேலே கையடக்கமான மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கீழே முட்டு எதுவும் வைக்காமல் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும் அந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் துணிச்சல் தெரியும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள், கடுக்காய்த் தண்ணீர் தெளித்தபடி. கடைசியில் தட்டோடு. கம்பி இல்லை, ஆகவே துருப்பிடிக்க எதுவும் இல்லை. கடலோரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கான்கிரீட் வந்த பிறகுதான் தெரிந்தது. சிறிய வீடுகளில் தேக்குக்குப் பதில் பனஞ்சட்டம், தளத்துக்குப் பதில் நாட்டு ஓடு. வைரம் பாய்ந்த பனைக்கு உப்பும் கரையானும் அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்துவிட முடியாது.

இப்போது சிமென்ட் வந்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய சுவரில் கீழ் மூன்றடிக்குப் பூச்சு உதிர்கிறது. ஓதம் ஏறுகிறது என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். "பலமா" பூசிவிடலாம் என்று சிமென்ட் பூசுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடியில் இருந்த ஓதம் ஆறடிக்குப் போகிறது. உப்பு வெளியே பூக்க வழியில்லாமல் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகி, செங்கல்லையே பொடியாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சிமென்ட் பூச்சு பலகை பலகையாக விழும்போது, பின்னால் சுவர் இருந்த இடத்தில் சிவப்புத் தூள்தான் இருக்கும். "பழைய வீடு, அவ்வளவுதான் ஆயுசு" என்று தீர்ப்பு எழுதி இடித்துவிடுகிறோம். ஆயுசு முடிந்தது வீட்டுக்கு அல்ல. மருந்து மாற்றிக் கொடுத்தோம்.

மரவிட்டம் ஒன்று உளுத்தால் முழுத்தளத்தையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவதும் அதே தவறு. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டதும் துரு. துருவேறிய இரும்பு பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் கம்பி தெரியக் கிடக்கும் கூரைகளைக் கடற்கரைச் சாலை நெடுகக் காணலாம்.

ஸ்காட்லாந்திலும் இதே பாடத்தை இதே வரிசையில்தான் படித்தார்கள். அங்கே கல் சுவர்மேல் சுண்ணாம்பும் சரளையும் கலந்து வீசிப் பூசுவது மரபு. இருபதாம் நூற்றாண்டில் சிமென்டால் பூசினார்கள். சுவர்களுக்குள் ஈரம் தங்கியது. இப்போது பழங்கட்டடங்களில் சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கென்று கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து. குளிர்நாட்டு மழையும் டெல்டாவின் மழையும் வேறு. ஆனால் உப்பும் ஈரமும் சுவரிடம் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

பூட்டிய கதவுகள்

வீடு போவதற்கு ஓதம் மட்டும் காரணமில்லை. காரைக்காலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றியும் பிரான்ஸின் பிற ஊர்களிலும் இருக்கிறார்கள். இதற்கும் முன்னால், 1881 செப்டம்பர் ஆணைப்படி, தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வந்தவர்கள் உண்டு. அவர்களின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. காலத்துக்கு முந்திய நியாயம் அது. நடைமுறையில், பாகம் பிரிக்காத ஒரு வீட்டுக்கு மூன்று தலைமுறை கழித்து இருபது, முப்பது பேர் சொந்தக்காரர்கள். ஒருவர் பாரிஸை அடுத்த சார்செல்லில், ஒருவர் ரீயூனியனில், ஒருவர் சென்னையில், ஒருவர் பக்கத்து நெடுங்காட்டில். ஓடு மாற்ற யார் பணம் தருவது என்று முடிவெடுக்கவே ஒரு மழைக்காலம் போய்விடும். முற்றத்து வடிகால் ஒருமுறை அடைத்தால் போதும். பூட்டிய வீட்டுக்குள் குளம் கட்டி நிற்கும் தண்ணீர் அத்தனை சுவர்களையும் கீழிருந்து தின்றுவிடும். பங்காளிகள் கடைசியில் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் மனையாக விற்கும் பத்திரத்தில்தான்.

இவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஒரு மெத்தை வீட்டைச் சரியாகச் செப்பனிடும் செலவில் புது வீடே கட்டிவிடலாம் என்னும்போது, மரபைக் காப்பாற்று என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பாடு. சட்டம் வீட்டுக்காரரைத் தண்டிப்பதாக மட்டும் இருந்தால், அவர் அடுத்த மழைக்கு வீடு தானாக விழட்டும் என்று காத்திருப்பார்.

பட்டியல் என்பது

ஸ்காட்லாந்தில் 1947-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்திலிருந்து கட்டடங்களைப் பட்டியலிடும் முறை இருக்கிறது. இன்று சுமார் 47,000 பதிவுகள் ஏ, பி, சி என்று மூன்று தரங்களில் உள்ளன. 2015 முதல் ஸ்காட்லாந்து வரலாற்றுச் சூழல் அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. பட்டியலில் ஏறினால் வெளிமுகம், உள்பகுதி இரண்டுக்கும் பாதுகாப்பு. மாளிகைக்கு என்ன மதிப்போ, தன்மை கெடாத மீனவர் குடிலுக்கும் அதில் இடமுண்டு. நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளை 1960-இல் சிறு வீடுகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. ஃபைஃப் கரையோர ஊர்களில் பாழடைந்த சிறு வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு, இனி இதன் தன்மையைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி, குடியிருக்க விரும்புகிறவருக்கு விற்றார்கள். வந்த பணத்தில் அடுத்த வீடு. சுழலும் நிதி. அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைக்கவில்லை, குடி வைத்தார்கள்.

அங்கேயும் எல்லாம் வென்றுவிடவில்லை. மேலே சொன்ன குரோவியில் 1953 ஜனவரிப் புயலுக்குப் பின் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். வீடுகள் பிழைத்தன. ஆனால் பெரும்பாலானவை இப்போது விடுமுறைக்கு வந்துபோகிறவர்களின் வீடுகள். சுவரைக் காப்பாற்றி ஆளை இழந்த ஊர் அது. தரங்கம்பாடியில் பிரிட்டிஷ் கலெக்டர் வாழ்ந்த கடற்கரை வீட்டை நீம்ரானா நிறுவனம் விடுதியாக்கியதைப் பற்றியும் சிலர் இப்படி வருந்துவார்கள். என் கணக்கில் அது நல்ல வேலை. ஆனால் ஒரு ஊர் முழுக்க விடுதியாகிவிட முடியாது. அதே தரங்கம்பாடியில் சுனாமிக்குப் பிறகு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு தட்டார் தெருவில் எளிய வீடுகளைச் சுண்ணாம்பும் நாட்டு ஓடும் கொண்டு மீட்டெடுத்ததுதான் காரைக்காலுக்கு நேரடியாகப் பயன்படும் முன்மாதிரி. பெரிய மாளிகை எதுவும் அங்கே இல்லை. ஓட்டுக்கூரை, திண்ணை, மரத்தூண். காரைக்காலின் பல வீதிகளில் இருப்பதும் அதுதான்.

புதுச்சேரியில் 1990-களின் நடுவில் இன்டாக் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் பட்டியலில் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. பட்டியலுக்குப் பின்னால் சட்டமும் பணமும் வர நெடுநாள் ஆனதே காரணம். ஆனாலும் அங்கே நல்ல அனுபவங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றில் 2002 முதல் 2004 வரை வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை, தமிழ்த் தாழ்வாரங்களோடு, வரிசையாக மீட்டார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. வீட்டுக்காரர் பாதி போட்டால் மீதியைத் தருவது என்ற முறையும் அங்கே முயன்று பார்க்கப்பட்டது. இன்னொரு பக்கம், 1870-களில் எழுந்த, மேரி எனப்படும் பிரெஞ்சுக் கால நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். விழுந்தபின் திரும்பக் கட்டுவதற்கு ஆன பெருந்தொகையில், விழுவதற்கு முன்னால் எத்தனை திண்ணை வீடுகளுக்கு ஓடு மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

காரைக்காலுக்குத் தேவை இவற்றில் இரண்டே. பாதிப் பணம் தரும் நிதி ஒன்று, அது முகப்போடு நிற்காமல் கூரைக்கும் முற்றத்து வடிகாலுக்கும் சேர்த்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு வேலை இன்னும் கைவசம் உள்ள கொத்தனார்களிடம் இளைஞர்களைப் பழக அனுப்பும் ஏற்பாடு ஒன்று, கூலியோடு. சுண்ணாம்பு அரைப்பதும் தளம் அடிப்பதும் புத்தகத்தில் படித்து வருவதில்லை. பக்கத்தில் நின்று கை பழகினால்தான் வரும், பழக்குகிறவர்கள் இருக்கும்வரைதான் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். அதற்கு டெல்லியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, கட்டடப் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். நகரத்திலேயே அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரியும் அவ்வையார் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மழை ஓய்ந்து தை பிறந்ததும், ஓதத்தின் கோடு சுவரில் தெளிவாகத் தெரியும் நேரத்தில், இரண்டு இரண்டு பேராக ஒரு வீதியை எடுத்துக்கொண்டு போகலாம். கதவைத் தட்டி, பெரியம்மாவிடமோ அத்தாவிடமோ அனுமதி கேட்டு உள்ளே போய், வீட்டுக்கு ஒரு தாள் எழுதினால் போதும்: கூரை ஓடா தளமா, விட்டம் தேக்கா பனையா, சுவரில் இருப்பது சுண்ணாம்பா சிமென்டா, ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், பத்திரம் எத்தனை பேர் பெயரில் இருக்கிறது, செப்பனிட உதவி கிடைத்தால் இங்கேயே இருக்க அவர்களுக்கு விருப்பமா.